குட்டைக் கை நங்கூரம்

நான் ஒரு கைம்பெண்ணிடம் பொய் சொன்னேன். நங்கூரத்தின் படத்தை வியாபாரச் சின்னமாகப் போட அரசாங்கம் விடாது, அது இங்கிலாந்துக் கடற்படைக்கு உரிய அடையாளம், மீறினால் பொலிஸ் வரும் என்று சொன்னேன். சொன்ன நேரத்தில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவருடைய நங்கூரத்தை அவரிடமிருந்து பறித்தேன்.

இப்போது எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. செய்த பிழைகளில் பல மறந்துபோயின. சிலவற்றை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இதை நினைத்தாலும் பாதிக்குச் சிரிப்புத்தான், ஏனென்றால் கதையின் பாதி மிளகாயும் தும்மலும். மற்றப் பாதிக்காக எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்திய காலம். எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. தலைநகரில், கோட்டைப் பகுதியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு பறங்கி அம்மாவின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சின்ன விறாந்தை, பின்னால் தகரம் போட்ட குசினி. ரயில் போகும்போது தட்டுகள் கிலுகிலுக்கும். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது ஒரு பெரிய தகரத்தில் வறுத்து இடித்த கறித்தூள் கொண்டுவந்திருந்தா. மூன்று மாதத்தில் அது முடிந்தது. ஊரிலிருந்து அடுத்ததாக ரயிலில் வந்த தகரம் மழையில் நனைந்து, திறந்தபோது வண்டு பறந்தது. "கடைத்தூளிலை கறி வைச்சால் உங்களுக்கும் இறங்காது, எனக்கும் இறங்காது" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை அவவே அடுப்பைப் பற்றவைத்துச் செத்தல் மிளகாயை வறுக்கத் தொடங்கினா.

பத்து நிமிஷம் போகவில்லை. வீட்டுக்காரப் பறங்கி அம்மா கைலேஞ்சியை மூக்கில் பிடித்தபடி வந்து நின்றா. அவவுக்குப் பின்னால் அவவின் நாய் தும்மிக்கொண்டு நின்றது. தன் புருஷன் செத்த அன்றுகூடத் தான் இவ்வளவு அழவில்லை என்று இங்கிலிஷில் சொன்னா. இன்னொரு தரம் இப்படி நடந்தால் நாங்கள் வேறு வீடு பார்க்கலாம் என்றும் சொன்னா. நான் மன்னிப்புக் கேட்டேன். மனைவி பாதி வறுபட்ட மிளகாயைச் சட்டியோடு இறக்கி வைத்துவிட்டு, "நாய்க்குக்கூட எங்கட மிளகாய் பிடிக்கேல்லை" என்றா.

இது எங்களுடைய கஷ்டம் மட்டுமல்ல. அந்த ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கைகளிலும் ஊர்ச் சனம் நிறையப் பேர். குடும்பக்காரர் அனெக்ஸ்களில் இருந்தார்கள். கலியாணமாகாத கிளாக்கர்மார் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, சமையல்காரன் ஒருவனை வைத்துச் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார்கள், எல்லாச் சொந்தக்காரருக்கும் மூக்கு இருந்தது. ஒருவருக்கும் தூள் வறுக்க வழியில்லை.

என்னோடு கந்தோரில் வேலை செய்த ஒருவர் கொட்டாஞ்சேனைக்காரர். ஒரு நாள் மத்தியானம் அவருடைய சாப்பாட்டிலிருந்து ஒரு துண்டு மீன் எடுத்து எனக்குத் தந்தார். வாயில் வைத்ததும் நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். கறுக்க வறுத்த மல்லி, பின்னால் வரும் பெருஞ்சீரகம், கடைசியில் தொண்டையில் நிற்கும் மிளகு. என் தாயின் சமையல் போலவே இருந்தது.

"உங்கட வீட்டிலை ஆர் யாழ்ப்பாணம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை ஐசே. அடுத்த தெருவில ஒரு மனிசி தூள் இடிக்கிறா. நங்கூரத் தூள் எண்டு கேட்டால் பச்சைப்பிள்ளையும் வீட்டைக் காட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். பெரிய வேதக்கோயிலில் பூசை முடிந்து சனம் தெருவில் நிறைந்திருந்த நேரம். நீலச் சாயம் பூசிய ஒரு கதவில் வெள்ளையில் ஒரு நங்கூரம் வரைந்திருந்தது. அதன் இடக்கை வலக்கையை விடக் குட்டை. உள்ளே முற்றத்தில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பலகையில் உட்கார்ந்து தூள் அரித்துக்கொண்டிருந்தவர்தான் நங்கூரத் தூள்காரி. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்கு நுனியில் தூள் ஒட்டியிருந்தது. தும்மவேயில்லை.

அவருடைய ஆட்கள் மூன்று தலைமுறைக்கு முன் எதிர்க்கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள், வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள். யாழ்ப்பாணத்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. தூளின் பக்குவம் அவருடைய தாயிடமிருந்து வந்தது. நங்கூரம் புருஷனிடமிருந்து வந்தது. புருஷன் துறைமுகத்தில் சரக்குப் படகுகள் திருத்தும் தச்சர். உடைந்த படகொன்றின் தேக்குத் துண்டை எடுத்து, மனைவியின் தூள் பொட்டலங்களில் குத்துவதற்கு ஒரு நங்கூர அச்சுச் செதுக்கினார். உளி வழுக்கி ஒரு கை குட்டையாகிவிட்டது. வேறொன்று செய்து தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், செய்து கொடுக்காமலே காய்ச்சலில் போய்விட்டார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு கூடைத் தூள் அரித்து முடிந்தது. அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். உலக்கை போட்ட பெண்களும் நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். பிறகு தலையை ஆட்டினார். பொட்டலம் கட்டி, அச்சை ஊதா மையில் ஒற்றி, ஒவ்வொன்றின் மேலும் குத்தினார். அந்த அச்சை வேறு ஒருவரும் தொடுவதில்லை. வாயில் போட்டுப் பார்க்காத தூளுக்கு நங்கூரம் விழாது. அந்தத் தெருவில் எழுத்துத் தெரியாதவர்கள் பாதிப் பேர். அவர்கள் நங்கூரத்தைப் பார்த்து வாங்கினார்கள். எழுத்துத் தெரிந்தவர்களும் நங்கூரத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

"வெள்ளவத்தையிலேர்ந்து தூளுக்கா வந்தீங்க தம்பி?" என்று கேட்டார். "அங்க கடையே இல்லியா?"

"கடை இருக்கு அக்கா. தூள்தான் இல்லை."

அவருக்கு அது பிடித்துவிட்டது. உலக்கைக்காரிகளிடம் திரும்பி, "கேட்டீங்களா, கோட் போட்ட தொரை என்னா சொல்றாருன்னு" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி கறி வைத்தா. அயல் வீட்டுப் பெண்களுக்கும் கொஞ்சம் போனது. அடுத்த நாளே வந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முன் வீட்டில் வேலையிலிருந்து இளைப்பாறிய தலைமை வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவிதான் அந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்பவ. அவ வந்து, "பிள்ளை, உம்மட கைதான் கை. அச்சா ஊர்த்தூள். எப்ப வறுத்தனீர், எங்களுக்கு மணக்கவே இல்லையே?" என்று கேட்டா. என் மனைவி சிரித்தா. அவ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை.

அந்த அம்மாதான் இன்னொரு நாள் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் கறியோடு இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னா: "கொட்டாஞ்சேனையிலை வேதக்காரர் இடிச்சுத் தூள் விக்கினமாம். சிலபேர் வாங்குகினமாம். எங்கட வீடுகளுக்கு உதெல்லாம் சரிவருமே? ஆர் தொட்டது, எந்த உரல், எந்த உலக்கை!" என் மனைவி அவவின் சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை கறி போட்டா.

மெல்ல மெல்ல இது ஒரு வியாபாரமாகிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தர் வியாபாரம் செய்யக்கூடாது என்பதால் எல்லாம் மனைவியின் பெயரில். கொட்டாஞ்சேனையிலிருந்து பொட்டலங்கள் வரும். மனைவி அவற்றைப் போத்தல்களில் கொட்டிக் கொடுப்பா. கிளாக்கர்மார் வீடுகளிலிருந்தும் கேட்டபோது போத்தல்கள் போதவில்லை. தகரப் பேணியில் அடைத்து, லேபல் ஒட்டி விற்கலாம் என்ற யோசனை எனக்குத்தான் வந்தது. கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சொன்னேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "பேணியா? கடையில இருக்கிற பிஸ்கோத்துப் பேணி மாதிரியா? நங்கூரத்த ரெண்டு பக்கமும் போடலாமா தம்பி? அவரு இருந்தா எப்படிச் சந்தோசப்படுவாரு!" என்றார். உலக்கைப் பெண்களைக் கூப்பிட்டு, கையை அகல விரித்து, நங்கூரம் எவ்வளவு பெரிதாக வரும் என்று காட்டினார்.

என் கண்ணுக்குத் தெரிந்தது முன் வீட்டு அம்மாவின் முகம். நங்கூரம் இருந்தால் அது கொட்டாஞ்சேனைத் தூள் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். என் வாயிலிருந்து அந்தப் பொய் வந்தது. யோசித்துத் தயாரித்த பொய்கூட இல்லை. கடற்படை, சட்டம், அபராதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக, கந்தோர்க் கடிதத்தில் வருவது போல வந்தன.

அவர் கையை இறக்கினார். பிறகு, "அப்ப நான் இத்தினி நாளாப் பொட்டலத்துல குத்தறது? அதுவும் தப்பா?" என்று கேட்டார்.

அப்போதாவது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேணிக்கு ஆகாது என்றால் பொட்டலத்துக்கும் ஆகாதுதானே, அதனால், "கவனமா இருக்கிறது நல்லது அக்கா" என்றேன். முதல் பொய்யைவிட இந்த நாலு சொல்லுக்காகத்தான் நான் அதிகம் வெட்கப்பட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் புறக்கோட்டையில் ஓர் அச்சுக்கூடத்துக்குப் போனேன். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்க வைப்பவர். "எழுத்து எவ்வளவு வேணுமெண்டாலும் போடலாம் ஐயா. ஆனா மார்க்கு ஒண்டு வேணும். சனம் மார்க்கத்தான் பார்க்கும்" என்று சொல்லி, ஒரு மேசை லாச்சியை இழுத்து அச்சுக் கட்டைகளைப் பரப்பினார். யானை, சேவல், கப்பல், பூக்கூடை பிடித்த வெள்ளைக்காரப் பெண். அவற்றுக்கு நடுவே ஒரு நங்கூரம், இரண்டு கையும் சமமாக.

"இது போடலாமா?" என்று கேட்டேன்.

"ஏன் போடேலா? போன மாசம் கயிறு விக்கிற ஒருத்தருக்கு அடிச்சிக் குடுத்தேன். அதுக்கு முந்திச் சோடாக்காரருக்கு. வேணுமா?"

கடற்படையைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். "நேவிக்காரன் ஏன் கறித்தூளுக்கு வாறான் ஐயா?"

அன்றுவரை அது தெரியாமல் சொன்ன கதை என்று என்னை நானே சமாதானம் செய்யலாம். அன்றோடு அந்த வசதியும் போயிற்று. நான் குத்துவிளக்குக் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்குப் பின்னால் ஒரு கோபுரம் இருந்தது. அது கலியாண அழைப்புக் காட்களுக்கு அவர் வழமையாகப் பாவிக்கும் கட்டை. கீழே, "யாழ்ப்பாணத்துச் சைவ ஆசார முறைப்படி இடித்த உயர்தரக் கறித்தூள்" என்று போடச் சொன்னேன். அந்த வாசகத்தை நானே எழுதினேன். கல்லூரியில் தமிழுக்குப் பரிசு வாங்கியவன்.

மனைவி லேபலைப் பார்த்துவிட்டுக் கேட்டா: "நங்கூரம் எங்கை?"

"அவ வேண்டாமெண்டிட்டா. பேணி உங்கட, படமும் உங்கட விருப்பம் எண்டு சொன்னவ."

அவ என்னை நம்பினா. லேபலைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "கறி வைக்கிறதோ, கலியாணத்துக்குப் போறதோ தெரியேல்லை" என்று மட்டும் சொன்னா.

பேணிகள் நன்றாகப் போயின. ஏழெட்டு மாதம் போனது. தூள் இப்போது பொட்டலமாக வரவில்லை, சாக்கில் வந்தது. நாங்கள் வெள்ளவத்தையில் வைத்துப் பேணியில் அடைத்தோம். பிறகு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ரயிலில், எதிரே இருந்த கிளாக்கர் ஒருவர், முழுப் பெட்டிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என்ன ஐசே, உம்மட குத்துவிளக்கு புகைக்குது! நேற்றுக் கறி பழைய சாக்கு மணம். எங்கட சமையல்காரன் தன்னிலை பிழையில்லை எண்டு அழுகிறான்." எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு பேணியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பூஞ்சணம் பிடித்த மல்லி.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாதக்கணக்கில் நான் அங்கே போகவில்லை. சாக்கு மாட்டுவண்டியில் வந்துவிடும். அந்தத் தெருவில் நீலக் கதவைத் தேடினேன். கதவு இருந்தது. அதில் நங்கூரம் இல்லை. யாரோ சுரண்டியிருந்தார்கள். சாயம் போய் மரம் தெரிந்த இடம், ஒரு கை குட்டையாக, அதே உருவத்தில் இருந்தது.

அக்கா என்னை வழமைபோல் வரவேற்றார். மல்லியைப் பற்றிச் சொன்னதும் தலையில் கை வைத்தார். "என் தப்புத்தான் தம்பி. முத்திர குத்த ஒக்காரும்போதுதான் வாயில போட்டுப் பாப்பேன். இருவது வருசப் பழக்கம். இப்ப முத்திர இல்லியே. சாக்குல கொட்டிக் கட்டிடறாங்க. கை போகாத எடத்துக்கு நாக்கும் போகல."

"கதவிலை?" என்று கேட்டேன்.

"சொரண்டிட்டேன். நீங்க சொன்னப்பறம் வைக்க முடியுமா? பொலிசுக்காரன் தெருவுல போறான் வாறான்."

"அச்சு?"

அவர் சிரித்தார். "அத எரிக்க மனசு வரல. அவரு வேல செஞ்ச எடத்திலேயே போட்டுடலாம்னு தொறமொகப் பக்கம் எடுத்துகிட்டுப் போனேன். தண்ணியில போட்டேன். முழுகல தம்பி! மரந்தானே. மெதந்துகிட்டே போச்சு. நங்கூரம் மெதக்கறத நான் அன்னிக்குத்தான் பாத்தேன்."

உலக்கைப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அன்று நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும், அச்சுக்கூட லாச்சியில் கண்ட நங்கூரம் வரைக்கும். அவ கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. ஆய்வதை நிறுத்தவில்லை.

"அவ வேண்டாமெண்டவ எண்டு என்னட்டைச் சொன்னியள்."

"ஓம்."

"முன் வீட்டு மனிசி என்ன நினைக்குமெண்டுதானே?"

"ஓம். நீரும் அவ கேக்கேக்கை சிரிச்சுக்கொண்டிருந்தனீர்."

"நான் சிரிச்சதுதான். அது என்ர பிழை, அதை நான் பாப்பன்." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டா. "வாற ஞாயிறு நானும் வாறன். நீங்கள் சொல்லேக்கை நான் பக்கத்திலை நிக்கவேணும். இல்லாட்டிப் பாதியை விழுங்கிப்போடுவியள்."

அப்படியே நடந்தது. அடுத்த ஞாயிறு அந்த முற்றத்தில் நின்றுகொண்டு சொன்னேன். அப்படி ஒரு சட்டம் இருப்பதாக எனக்குத் தெரியாது என்று தொடங்கினேன். மனைவி தொண்டையைச் செருமினா. "சட்டம் இல்லை அக்கா. இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் நான் உங்களுக்குச் சொல்லேல்லை" என்றேன்.

அக்கா அரிதட்டைக் கீழே வைத்தார். உலக்கைச் சத்தம் நின்றது.

"அப்ப யாருக்குப் பயந்து சொன்னீங்க?"

"எங்கட ஆக்களுக்கு. கொட்டாஞ்சேனைத் தூள் எண்டு தெரிஞ்சால் வாங்கமாட்டினம் எண்டு."

"என் தூளச் சாப்பிடுவாங்க. என் நங்கூரத்தப் பாக்க மாட்டாங்களா?"

அக்கா கதவுப் பக்கம் திரும்பினார். அவர் மெதுவாகச் சொன்னார்: "எத்தினி நாள் பொலிசுக்காரனப் பாத்துக் கதவச் சாத்தினேன், தெரியுமா? ஒங்களுக்கு ஒரு லேபிலு. எனக்கு அவரு கை."

உலக்கைக்காரிகளில் மூத்தவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கை காட்டி நிறுத்திவிட்டார். பேணியில் நங்கூரம் போடுகிறேன், அதை அவருடைய பெயரிலேயே பதிவு செய்கிறேன் என்று நான் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் பேணியில் கொட்டாஞ்சேனை என்றும் இருக்க வேண்டும், பேணி இந்த முற்றத்தில்தான் அடைக்க வேண்டும், நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு மூடியில் ஒட்டும் கடதாசியில் தான்தான் குத்த வேண்டும் என்றார். "அப்புறம் நீங்க கொண்டாற கடுதாசி எதுவானாலும் இன்னொருத்தர் படிச்சுச் சொன்னப்புறந்தான் நான் கைநாட்டு வைப்பேன், கிளாக்கர் ஐயா."

அன்றுதான் அவர் என்னை முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டார். தம்பி என்று பிறகு கூப்பிடவேயில்லை.

ஆனால் அச்சு இல்லை. அது எந்தக் கரையில் ஒதுங்கியதோ. நங்கூரம் குத்திய பழைய பொட்டலம் ஒன்றாவது இருந்தால் அதைப் பார்த்து வெட்டலாம். அக்காவின் வீட்டில் ஒன்றும் இல்லை, பயத்தில் எல்லாவற்றையும் எரித்திருந்தார். என் கந்தோர்க் கூட்டாளியின் வீட்டிலும் இல்லை. தூள் பொட்டலத்தை யார் சேர்த்து வைப்பார்கள்?

ரயிலில் திரும்பி வரும்போது, கொள்ளுப்பிட்டி தாண்டி, என் மனைவி திடீரென்று என் கையைப் பிடித்தா. "சாமித்தட்டு!"

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் நேரே சாமித்தட்டுக்கு ஓடினா. சின்ன வேலுக்குப் பக்கத்தில் ஒரு கற்பூரப் பொட்டலம். நாங்கள் முதன்முதல் வாங்கிய தூள் சுற்றியிருந்த கடதாசி, தடிப்பாக இருக்கிறது என்று எடுத்து வைத்துக் கற்பூரம் சுற்றியிருக்கிறா. விரித்தபோது ஊதா மையில் நங்கூரம், இடக்கை குட்டை. ஒரு வருஷத்துக்கு மேலாக அதற்கு முன்னால்தான் நாங்கள் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறோம். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. "முன் வீட்டு அம்மாவும் வெள்ளிக்கிழமை வந்து இதிலைதானே கற்பூரம் எடுத்தவ!"

புறக்கோட்டை முதலாளி கடதாசியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "அண்டைக்கே சொன்னேனே, நங்கூரம் நல்லதெண்டு. ஆனா ஒரு கை குட்டையா இருக்கே. சரிபண்ணிடட்டா?"

"வேண்டாம். அப்பிடியே வெட்டுங்கோ."

"அடிச்சவன் பிழை எண்டு என்னைத்தான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும் முதலாளி. அது செதுக்கினவரின்ர கை."

லேபலுக்கு ஒரு கட்டையும், அதே உருவத்தில் அக்காவுக்குக் கைப்பிடி வைத்த மர அச்சும் செய்வித்தேன். பதிவுக் கந்தோருக்கு நானே விண்ணப்பம் எழுதினேன், அவருடைய பெயரில். விண்ணப்பத்தை அவருடைய தெருவிலிருந்த ஓர் ஆசிரியை முதலில் வாசித்து விளக்கினா. பிறகு நான் வாசித்தேன். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அக்கா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். மாதங்கள் கழித்துப் பதிவுப் பத்திரம் வந்தபோதும் அப்படியே நடந்தது. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. அப்படி இன்னொருவர் வாசித்துச் சரிபார்ப்பது எனக்கு வரவேண்டியதுதான்.

வெள்ளவத்தையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னது என் மனைவி. "இவ்வளவு நாளும் நீங்கள் சாப்பிட்டது கொட்டாஞ்சேனைத் தூள். நான் இடிக்கேல்லை. எனக்கு இடிக்கவும் தெரியாது. இனிப் பேணியிலை உள்ளபடி இருக்கும்." சில வீடுகள் வாங்குவதை நிறுத்தின. முன் வீட்டு அம்மா இரண்டு பேணிகளைத் திருப்பி அனுப்பினா, ஒன்று பாதி காலி. இரண்டு மாதம் எங்களைக் கண்டால் வேலிப் பக்கம் பார்த்து நடந்தா. பிறகு ஒரு நாள் தன் வேலைக்காரியை அனுப்பி ஒரு பேணி கேட்டா, வெள்ளிக்கிழமைக்கு வேண்டாமாம், மற்ற நாட்களுக்கு மட்டுமாம். "வெள்ளிக்கிழமையிலை நங்கூரம் கடிக்குமோ?" என்று என் மனைவி வேலைக்காரியிடம் கேட்டுவிட்டா. கிளாக்கர்மார் வீடுகளில் ஒன்றும் நிறுத்தவில்லை. ரயிலில், முன்பு சாக்கு மணம் என்று சொன்ன அதே கிளாக்கர் என்னைக் கண்டதும், "கோபுரத்தாலை இறங்கிக் கடலுக்குப் போயிட்டீர் போலை! போனாலும் பரவாயில்லை, சாக்கு மணம் இல்லை" என்றார். நங்கூரம் இல்லாததால் கொட்டாஞ்சேனையில் போன வாடிக்கையும் திரும்பியது. நீலக் கதவில் சுரண்டிய இடத்தின்மேல் வெள்ளைச் சாயத்தில் புதிதாக ஒரு நங்கூரம் வந்தது.

அந்த வருஷம் வேதக்காரரின் நத்தார்ப் பெருநாளுக்கு முன், கந்தோரில் கொட்டாஞ்சேனைக் கூட்டாளி ஒரு செய்தி சொன்னார். அக்காவுக்குக் கடுமையான தடிமன், மூக்கும் நாக்கும் வேலை செய்யவில்லை, தூள் கூடை கூடையாகக் குவிந்து கிடக்கிறது. என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்.

போனோம். அக்கா தலையில் துவாலை சுற்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தார். குரல் அடைத்திருந்தது. "ஒக்காருங்க கிளாக்கர் ஐயா" என்று எனக்கு ஒரு வாங்கைக் காட்டிவிட்டு, என் மனைவியைப் பார்த்து, "தங்கச்சி, நீ இப்படி வா" என்றார்.

மனைவி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தா. அவவும் கண்ணை மூடிக்கொண்டா. உலக்கைகள் நின்றன. எல்லாரும் அவ முகத்தைப் பார்த்தார்கள்.

"அக்கா, மல்லி இன்னும் கொஞ்சம் வறுபட்டிருக்கலாம்."

"பாத்தியா!" என்று அக்கா உலக்கைக்காரிகளிடம் திரும்பினார். "நான் சொன்னேன், நீங்க கேக்கல. அந்தக் கூடைய அப்படி வை."

இரண்டாவது கூடை சரி. மூன்றாவதும் சரி. பேணிகளை அடைத்து மூடினார்கள். அக்கா மர அச்சை மடியிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, என் மனைவியிடம் கொடுத்தார். "வாயில போட்டது நீ. நீதான் குத்தணும். குட்டக் கை எடது பக்கம் வரணும்."

நான் எழுந்து, நிறையப் பேணி இருக்கிறது, நானும் குத்தித் தரட்டுமா என்று கேட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தும்மல் வந்தது, தும்மினார். அந்த முற்றத்தில் அவர் தும்மி நான் கண்டது அன்று மட்டும்தான். பிறகு மைத்தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க இதப் புடிச்சுகிட்டு நில்லுங்க, கிளாக்கர் ஐயா. சாயாமப் புடிங்க."

கடைசிப் பேணி வரை சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.